எலுமிச்சைக்குப் பதில் அம்மன்

பரமசிவம் சாரை எனக்குப் பிடிக்காது. ஈசூனில் எங்கள் பள்ளியின் ஓவிய ஆசிரியர் அவர். செகண்டரி மூன்றில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், ஓவியம் எடுத்தவர்களில் நான் ஒருத்திதான் தமிழ். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

ஓவியப் பாடத்தில் வரைவது பாதி, கலை வரலாறு பாதி. வருடக் கடைசியில் ஒரு கலைப்படைப்பைப் பற்றி நீண்ட கட்டுரை எழுத வேண்டும். தலைப்புக்கு சார் சம்மதிக்க வேண்டும். மற்ற பிள்ளைகள் ஜப்பானிய அச்சுப்படம், மெக்சிகோ சுவரோவியம் என்று இஷ்டத்துக்குக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் கேட்டது நானூறு வருடத்துக்கு முன் ஒரு டச்சுக்காரர் வரைந்த எலுமிச்சம்பழம். பாதி உரித்தது. தோல் மேசை விளிம்பில் சுருண்டு தொங்கும். அந்த மஞ்சளைப் பார்த்தாலே எனக்கு நாக்கில் எச்சில் ஊறும். அதற்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, அதனாலேயே பிடித்தது.

“எலுமிச்சையை யார் வேணா எழுதுவாங்க அஃப்னா. நம்ம சோழர் காலத்துச் சிலைய நீ எழுதலைன்னா இந்த கிளாஸ்ல யாரு எழுதுவா?”

நம்ம. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வகுப்பில் இருக்கும் சீனப் பிள்ளை வெய் லிங்கைச் சீனத்து ஜாடியைப் பற்றி எழுதச் சொன்னாரா? நான் முஸ்லிம் என்றேன். கலைக்கு மதம் இல்லை என்றார். அப்படியானால் இனம் மட்டும் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். உனக்கு வாய் அதிகம் என்றார்.

வீட்டில் இதைப் பற்றி மூச்சு விட முடியாது. நான் ஓவியம் எடுத்ததே உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. சாமி சிலை என்று காதில் விழுந்தால் மறுநாளே பள்ளிக்கு வந்து என் பாடத்தை மாற்றிவிட்டுத்தான் போவார்.

கடைசியில் சார் ஒரு பேரம் பேசினார். மியூசியத்தில் அந்தச் சோழர் காலத்து வெண்கல அம்மன் சிலைக்கு முன்னால் நின்று நான் வகுப்புக்கு விளக்க வேண்டும். நன்றாகச் செய்தால் எலுமிச்சை எனக்கு.

இடுப்பின் வளைவு, விரலின் நளினம் என்று அளப்பேன் என எல்லோரும் காத்திருந்தார்கள். நான் பீடத்தில் இருந்த ஓட்டைகளைக் காட்டினேன். கம்பு செருகித் தோளில் தூக்கிப் போக வைத்தவை அவை. லிட்டில் இந்தியாவில் உம்மாவின் துணிக்கடை வாசலில் சாமி ஊர்வலம் போகும்போது பார்த்திருக்கிறேன். பட்டுக்கும் மாலைக்கும் நடுவே முகம் மட்டும்தான் தெரியும். நாம் சுற்றிச் சுற்றி மெச்சும் இந்த உடம்பைத் தெருவில் நின்று கும்பிட்டவர்கள் கண்டதே இல்லை, நாம்தான் இவளை உடுப்பைக் கழற்றிக் கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்கிறோம் என்றேன். அத்தனையும் கோபத்தில் பேசியது. நன்றாக வந்துவிட்டது. சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் எலுமிச்சைப் படத்தோடு போனேன். என் தலைப்பைக் கணினியில் ஏற்கனவே பதிந்து வைத்திருந்தார். அம்மன் சிலை.

“நேத்து நீ பேசினப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சுமா. இத்தனை வருஷத்துல இங்க ஒரு தமிழ்ப் பிள்ளை இப்படிப் பேசி நான் கேட்டதில்ல. இத விட்டுடாத லா.”

பேரத்தை நினைவுபடுத்தினேன். அது உன்னைப் பேசவைக்கச் சொன்னது என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பொறுக்க முடியவில்லை. எங்கே குத்தினால் வலிக்கும் என்று அவரே காட்டிக்கொடுத்திருந்தார். குத்தினேன்.

“அந்தச் சிலை மேல எனக்கு ஒண்ணுமில்ல சார். நான் பேசினது எலுமிச்சைக்காக.”

அவர் முகம் தொங்கிப்போனது. கணினிப் பக்கம் திரும்பி அம்மனை அழித்தார். எலுமிச்சை என்று அடித்தார்.

“ஃபைன். யுவர் சாய்ஸ்.”

கட்டுரையை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தார். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தைகூடத் தமிழில் பேசவில்லை. நானும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆங்கிலத்திலேயே பதில் சொன்னேன். அந்த வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.