மாதா எங்கள் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை

எனக்குச் சிரித்த முகம் என்று ஊரில் பெயர். அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர் எங்கள் பங்குச் சாமியார். போன வருடத்துக்கு முந்தின வருடம் திருக்குடும்பத் திருவிழாப் பூசையில் குடும்பம் நடத்துவது எப்படி என்று பிரசங்கம் வைத்துக்கொண்டே வந்தவர், "நம்ம விண்ணரசியைப் பாருங்க. எவ்வளவு வேலை இருந்தாலும் முகம் சுளிச்சு நான் பார்த்ததில்ல" என்று என் பக்கம் கையை நீட்டிவிட்டார். கோவிலே திரும்பிப் பார்த்தது. அன்றையிலிருந்து என் முகம் எனக்குச் சொந்தமில்லை. பல் வலித்தால்கூடச் சிரித்துக்கொண்டே வலிக்க வேண்டியிருக்கிறது.

குடவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் ஜேசுராஜ் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல் போடுகிறவர். அவர் தம்பி கிளமென்ட் எலக்ட்ரீஷியன். அவனுக்குக் கல்யாணம் ஆகும்வரை அவன் சாப்பாடும் சட்டையும் என் பொறுப்பு. மூத்தவள் லின்சி பிளஸ் டூ. சின்னவன் ஆல்பின் ஆறாவது. நாலு பேரும் நல்லவர்கள்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் நாலு பேருக்கும் ஒரே வியாதி. கண்ணுக்கு முன்னால் இருக்கிற சாமான் தெரியாது. சோப்பு எங்கே, சீப்பு எங்கே, டெஸ்டர் எங்கே என்று நாள் முழுக்க என்னைக் கேட்பார்கள். நானும் ஓடி ஓடி எடுத்துக் கொடுப்பேன், சாமியார் சொன்ன அதே முகத்தோடு.

அந்தச் சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு மாதா வருகிற நாள். அக்டோபர் செபமாலை மாதம் என்பதால் மாதா சிலை, நாங்கள் சுரூபம் என்போம், ஒரு நாளைக்கு ஒரு வீடு என்று அன்பியம் முழுக்கப் போகும். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து செபம் சொல்கிற குழுவுக்குத்தான் அன்பியம் என்று பெயர். சாயங்காலம் எல்லாரும் மெழுகுவர்த்தியோடு முந்தின நாள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து அடுத்த வீட்டில் வைத்துச் செபமாலை சொல்வார்கள். வீட்டை ஒட்டடை அடித்துக் கழுவ வேண்டும், மேடை கட்டிப் பூ வைக்க வேண்டும், வருகிறவர்களுக்குச் சுண்டலும் டீயும் கொடுக்க வேண்டும்.

அதே நாள் காலையில் அறுப்பு மெஷினும் வந்துவிட்டது. மாதா வருவதை ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுவார்கள். மெஷின் வருவது மெஷின்காரனுக்கே தெரியாது. வயலில் ஈரம் இருப்பதால் பெல்ட் மெஷின்தான் இறங்கும், அதற்கு ஊரே வரிசையில் நின்றது. விட்டால் மழையில் குறுவைக் கதிர் சாய்ந்து முளைத்துவிடும். ஜேசுராஜ் பல்லைத் தேய்த்தும் தேய்க்காமலும் ஓடினார். "மெஷின்காரங்களுக்கும் சேத்து சோறு" என்று வாசலிலிருந்தே குரல் வந்தது. சரிங்க என்று சிரித்தேன்.

அடுப்பில் பால் வைத்திருந்தபோது போன் வந்தது. லின்சி படிக்கிற பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை ஜெயசீலி சிஸ்டர்.

"விண்ணரசி, கணக்கு டீச்சர் திடீர்னு வெளிநாடு போறாங்கம்மா. ஆறுலேருந்து எட்டாவது வரைக்கும் எடுக்க ஆள் இல்ல. நீ பி.எட். முடிச்சவன்னு லின்சி சொல்லுச்சு. திங்கட்கிழமை வந்துடுறியா?"

கல்யாணத்துக்கு முன் பட்டுக்கோட்டையில் ஒரு வருடம் பாடம் எடுத்தேன். பின்னத்தைப் பார்த்துப் பயந்த பிள்ளைகளின் முகம் தெளிகிற நேரம் ஒன்று உண்டு. அதற்கு ஈடாக எனக்கு இந்த உலகத்தில் வேறொன்று கிடைத்ததில்லை.

"வீட்டுல கேட்டுச் சொல்றேன் சிஸ்டர்."

"இன்னைக்கு எட்டு மணிக்குள்ள சொல்லிடு. கும்பகோணத்துலேருந்து ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கு. நீ சொல்லலேன்னா அதைத்தான் போடணும்."

பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த வேலை வேண்டும். வீட்டுச் செலவுக்காக இல்லை, யாருக்கும் நிரூபித்துக் காட்டவும் இல்லை. வேண்டும், அவ்வளவுதான்.

லின்சி பின்னால் வந்து நின்றாள். "அப்பாகிட்ட இப்பவே சொல்லும்மா."

இவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டாள். ஜேசுராஜிடம் சொல்வது ஒரு கலை. அவர் குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், எதற்கும் முடியாது என்றும் சொல்ல மாட்டார். 'பாப்போம்' என்பார். பின்பக்கம் பாத்ரூம் கட்டுவது பாப்போமில் இருக்கிறது. வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோடு போவது பாப்போமில் இருக்கிறது. நான் வேலைக்குப் போகிற பேச்சு ஆல்பின் பால்வாடி போன நாளிலிருந்து அதே பாப்போமில்தான் கிடக்கிறது. முடியாது என்றால் சண்டையாவது போடலாம். பாப்போம் என்கிற மனிதரோடு என்ன சண்டை போடுவது?

பதினோரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடையோடு வயலுக்குப் போனேன். மெஷின் ஒரு வயலை முடித்துவிட்டு வரப்பைத் தாண்ட வழி தேடிக்கொண்டிருந்தது. ஜேசுராஜ் கையை ஆட்டி ஆட்டி வழி காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, ஒரு விஷயம்."

"பாப்போம்."

"நான் இன்னும் சொல்லவே இல்லீங்க."

"வானத்தப் பாரு விண்ணரசி, மேற்க கறுத்துக்கிட்டு வருது. நீ வேற." அவர் சோற்றை நின்றுகொண்டே நாலு வாய் போட்டுக்கொண்டு போய்விட்டார். மெஷின்காரர்கள் குழம்பு நன்றாயிருக்கிறது என்றார்கள். நான் சிரித்தேன். வரப்பில் திரும்பி நடக்கும்போது தனியாக என் மேலேயே கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து கூடத்தைக் கழுவினேன். கழுவிய கூடத்தில் ஆல்பின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். திரும்பக் கழுவினேன். கிளமென்ட் சீரியல் லைட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "அண்ணி, டெஸ்டர் எங்க?" என்றான். டெஸ்டர் அவன் சட்டைப் பையில் இருந்தது. மணி இரண்டு. அவருக்குப் போன் போட்டேன். மெஷின் சத்தத்தில் அவர் "என்ன? என்ன?" என்று கத்தினார். "வேலைங்க, வேலை!" என்று நானும் கத்தினேன். "ஆமா, வேலையாத்தான் இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. விளக்கிய டம்ளரையே விளக்கினேன். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன், பிறகு செல்போனில் மணி பார்த்தேன். கும்பகோணத்துப் பெண் சேலையைத் தேய்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பது போலவே இருந்தது. முன்பின் பார்க்காத அந்தப் பெண்ணைப் பிடிக்காமல் போனது.

பக்கத்து வீட்டு மங்களாம்பிகை மாதாவுக்கு மாலை கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் கோவிலுக்கு அவள் வருவதில்லை, ஆனால் மாதா எங்கள் தெருவுக்கு வந்தால் மாலை அவள் கைதான். சுண்டலை எடுத்து வாயில் போட்டவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, உப்ப ரெண்டு தடவ போட்டியா?"

"போட்டுட்டேனா?"

"இன்னும் கொஞ்சம் தேங்காயைத் துருவிப் போடு, சரியாயிடும். உனக்கு என்ன ஆச்சு? சிரிக்கிற, ஆனா கண்ணு எங்கயோ இருக்கு."

சொல்லிவிட வாய் வந்தது. அதற்குள் ஆல்பின் அறுந்த சட்டைப் பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆறு மணிக்கு ஜேசுராஜ் வந்தார், தலை முழுக்க வைக்கோல் தூசியோடு. மழை தூறலோடு போய்விட்டது, அன்றைக்கு அறுத்த நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்த் தார்ப்பாய்க்குள் பத்திரமாக இருந்தது. சந்தோஷமாக இருந்தார். இதுதான் நேரம் என்று துண்டை நீட்டிக்கொண்டே சொன்னேன்.

"என்னங்க, சிஸ்டர் போன் பண்ணாங்க. கணக்கு டீச்சர் வேலை இருக்காம். திங்கட்கிழமை வரச் சொல்றாங்க." சொல்லும்போதே என் வாய் தானாகச் சிரித்துவிட்டது.

அவரும் சிரித்தார். "உன்னையா? பாப்போம், பாப்போம். மாதா வர்ற நேரம், சீக்கிரம் சுடுதண்ணி எடுத்து வை."

எடுத்து வைத்தேன். லின்சி சமையலறையில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சிரிச்சுக்கிட்டே கேட்டா எப்படிம்மா? நீ ஏதோ வேடிக்கையாப் பேசுறேன்னு நினைச்சுக்கிட்டு அப்பா பாட்டுக்குக் குளிக்கப் போயிட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. தெருவில் பாட்டுச் சத்தம் வந்துவிட்டது.

மாதா வந்தார். மெழுகுவர்த்திகளோடு அன்பியம் முழுக்க வந்தது. கூடம் நிறைந்து வாசல் வரைக்கும் உட்கார்ந்தார்கள். மங்களாம்பிகையும் கதவோரம் உட்கார்ந்துகொண்டாள். அன்பியத் தலைவி தனமேரி அக்கா செபமாலையை ஆரம்பித்தார். சனிக்கிழமை என்பதால் தியானிக்க வேண்டியது சந்தோஷ தேவரகசியங்கள். எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. செபமாலை மணியை உருட்டுகிறேன், வாய் அருள் நிறைந்த மரியே சொல்கிறது, மனசு எட்டு மணியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஜேசுராஜ் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தூக்கத்தில்கூட அவருக்குப் பதில் செபம் தவறாது. வயலில் கூப்பிட்டுப் பழகிய தொண்டை வேறு, எல்லார் குரலுக்கும் மேலே அவர் குரல்தான் கேட்கும்.

செபமாலை முடிந்து மன்றாட்டு நேரம் வந்தது. மாதா தங்குகிற வீட்டின் குடும்பத் தலைவிதான் முதல் மன்றாட்டைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் அன்பியத்தின் வழக்கம். அவள் சொல்லி முடித்ததும் எல்லாரும் சேர்ந்து, 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்பார்கள். எல்லா வருடமும் நான் சொல்வது ஒன்றுதான்: நல்ல விளைச்சல், பிள்ளைகளின் படிப்பு, வெளிநாட்டில் இருப்பவர்களின் சுகம்.

"விண்ணரசி, சொல்லும்மா" என்றார் தனமேரி அக்கா.

எழுந்து நின்றேன். நல்ல விளைச்சலுக்கு நன்றி சொன்னேன். கேட்டருளும் என்றார்கள். பிள்ளைகள் படிப்பைச் சொன்னேன். கேட்டருளும் என்றார்கள். எதிர்ச்சுவரில் கடிகாரம் ஏழரையைத் தாண்டியிருந்தது. அடுத்தது வெளிநாடு. வாய் வரவில்லை.

"ஆண்டவரே, எனக்குக் குடவாசல் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை வந்திருக்கிறது. திங்கட்கிழமை நான் போக வேண்டும். இன்று எட்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் பாப்போம் என்று சொல்லாமல், போய் வா என்று சொல்ல வேண்டுமென்று உம்மை மன்றாடுகிறேன்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூடம் முழுக்க, பழகிய வாயோடு. எல்லார் குரலுக்கும் மேலே ஜேசுராஜ் குரல் கேட்டது. சொல்லி முடித்தபிறகுதான் அவர் கண்ணைத் திறந்தார்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் ஆல்பின் பயந்துபோய் லின்சியை ஒட்டிக்கொண்டான். அவ்வளவு பேரும் என்னையே பார்த்தார்கள். வந்தது வரட்டும் என்று நின்றேன்.

"ஆண்டவரே, இந்த வீட்டில் இருப்பவர்கள் தங்கள் சாமானைத் தாங்களே தேடி எடுக்கவும், சாப்பிட்ட தட்டைத் தாங்களே கழுவவும் உம்மை மன்றாடுகிறேன்."

இந்தத் தடவை பெண்கள் பக்கத்துச் சத்தம்தான் பெரிதாக இருந்தது. வாசலில் நின்ற கிளமென்ட் தலையைக் குனிந்துகொண்டு கேட்டருளும் என்றான்.

"அடுத்த மன்றாட்டு?" என்ற தனமேரி அக்கா ஜேசுராஜைத்தான் பார்த்தார். அவர் எழுந்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது. தொண்டையைச் செருமினார்.

"ஆண்டவரே… அறுப்பு வேல இன்னும் பாக்கி இருக்கு. அது முடியட்டும். அப்புறமா பாப்போம்…"

யாரும் கேட்டருளும் என்று சொல்லவில்லை. அவர் காத்திருந்தார். எல்லாரும் காத்திருந்தார்கள். கதவோரத்திலிருந்து மங்களாம்பிகை, எங்கள் முறை எதுவும் தெரியாதவள், மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, நீங்க கேக்கவே இல்லையே. இதுக்கு சாமி என்னத்தக் குடுக்கும்?"

ஜேசுராஜ் என்னைப் பார்த்தார். நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இந்த முகத்தை அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது, வலித்தது.

"ஆண்டவரே," என்றார் திரும்பவும், இந்தத் தடவை மெதுவாக. "இவ போயிட்டு வரட்டும். காலையில அடுப்பு வேலை எனக்குக் கொஞ்சம் பிடிபடணும். உம்மை மன்றாடுகிறேன்."

கூடம் இடிந்து விழுகிற மாதிரி கேட்டருளும் என்றார்கள்.

சுண்டலை லின்சி கொடுத்தாள். நான் பின்பக்கம் போய் சிஸ்டருக்குப் போன் போட்டேன். "வர்றேன் சிஸ்டர்" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். "வீட்டுல எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார் அவர். "அன்பியத்துக்கே சம்மதம் சிஸ்டர்" என்றேன்.

எல்லாரும் போனபிறகு கூடத்தில் மாதாவும் நாங்களும்தான். ஜேசுராஜ் என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"சபையில வச்சுக் கேட்டுட்டியே விண்ணரசி. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"காலையிலேருந்து மூணு தடவ சொன்னேங்க."

"எப்போ?" என்றார். வேண்டுமென்று கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். வயல், போன், துண்டு என்று அவராகவே ஒவ்வொன்றாக யோசித்திருப்பார் போல. எழுந்து சமையலறைக்குப் போனார். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது.

"டீத்தூள் எங்க இருக்கு?"

என் கால் இரண்டும் எழுந்துகொள்ளப் பார்த்தன. அடுப்புக்கு மேலே முதல் தட்டில், நீல மூடி டப்பா. ஓடிப்போய் எடுத்துக் கொடுக்க ஒரு நொடி. எழுந்துவிடாமல் இருக்க இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டேன்.

"தேடுங்க, கிடைக்கும்" என்றேன்.