ஒப்படைக்காத ஸ்டிக்கர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எல்லை தாண்டிப் பக்கத்து நாட்டுக்குக் காரோட்டிப் போய்வந்ததை ஒவ்வொருவரிடமும் சொன்னால் வாய் வலிக்கும். அதனால்தானோ என்னவோ, அந்த நாட்டுச் சுங்கத்துறை முன்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை அப்படியே விட்டுவைத்திருந்தார். காரைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுபோக ஆறு மாத அனுமதி. யாராவது எட்டிப் பார்த்தால் போதும், “அது ஒண்ணுமில்ல, ஃபாரின் பெர்மிட்” என்று தானாகவே ஆரம்பிப்பார். தெருவில் அவருக்குப் ‘பெர்மிட்’ என்றே பெயர் விழுந்திருந்தது. அவர் காதுக்கு எட்டாத ஒரே சேதி அதுதான்.

இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் அவருடைய அக்கா படுத்த படுக்கை. “உடனே வாங்க மாமா, அம்மா உங்களைத்தான் கேக்குறாங்க. தாங்காது” என்று அக்கா மகன் போனில் அழுதான்.

“பஸ்ல போயிடலாங்க” என்றாள் மனைவி.

“போன தடவை கார்ல போய் இறங்கினவன், இப்போ பையைத் தூக்கிட்டு நடந்தா அந்தத் தெருவே சிரிக்கும்.”

சாவு வீடாகப் போகிற வீட்டுக்கும் சவடால்!

எல்லையில், கவுன்ட்டரில் இருந்த பெண் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

“புது பெர்மிட் தர முடியாது. இந்தக் கார் எங்க நாட்டுக்குள்ளதான் இருக்கு.”

“என்னம்மா இது! வாசல்ல நிக்குது, எட்டிப் பாருங்க.”

“வெளியே போகும்போது ஸ்டிக்கரை ஒப்படைச்சு ரத்து பண்ணலையே சார். கெடுவும் முடிஞ்சு அஞ்சு மாசமாச்சு. இனி மேலதிகாரி கையெழுத்துப் போடணும்.”

“அவர் எப்போ வருவார்?”

“வருவார்.”

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். “காரை இங்கேயே பூட்டிட்டு பஸ் ஏறுவோம். ரெண்டு மணி நேரம்தானே?”

“இப்போ வந்துடுவாருன்னு சொல்றாங்கல்ல? சும்மா இரு.”

“சாகக் கிடக்கிறது உங்க அக்காங்க, என் அக்கா இல்ல.”

அவர் அசையவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். “சரி, நீங்க காருக்குக் காவல் இருங்க.” விறுவிறுவென்று சாலையைக் கடந்து பஸ் ஏறிவிட்டாள்.

அவர் காருக்குள் உட்கார்ந்தார். நேர் எதிரே ஸ்டிக்கரின் பின்பக்கம். அதில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. பதினோரு மாதமாக அவர் முகத்துக்கு நேரே இருந்ததுதான். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிப் பொடி எழுத்துப் படிக்க வைக்கிறவர், இன்றைக்குத்தான் குனிந்து படித்தார்: ‘வெளியேறும்போது ஒப்படைக்கவும்.’

பதினொன்றரைக்கு ஒரு பஸ் போயிற்று. ஒன்றரைக்கு இன்னொன்று. ஏறலாமா என்று கதவைத் திறந்தார், மூடினார். மேலதிகாரி நாலு மணிக்கு ஏப்பத்தோடு வந்து, எதையும் படிக்காமல் அரை நிமிடத்தில் கையெழுத்துப் போட்டார். பழைய ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துப் புதிதை ஒட்டினார்கள். வண்டியைக் கிளப்பும்போது போன் அடித்தது. மனைவி.

“பெர்மிட் கிடைச்சிருச்சு, இதோ வந்துட்டேன்!”

“மெதுவாவே வாங்க. உங்க அக்கா மூணு மணிக்கே போயிட்டாங்க.”

அவர் இன்ஜினை அணைத்தார். “என்னைக் கேட்டாளா?” என்றார்.

“கேட்டாங்க. கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டிருந்தாங்க. காரை நிறுத்திட்டு வர்றார் அண்ணின்னு சொன்னேன்.”

பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.