சும்மா போய்வந்த ஃபில்டர்

புது மெஷின் வந்து இறங்கிய நாளிலிருந்து தூசியம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தூசியம்மா என்பது ஆய்வகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான். காதில் விழுந்த அன்றே, "பெத்தவங்ககூட எனக்கு இவ்வளவு பொருத்தமா பேர் வைக்கல" என்று சொல்லி அதை அவளே ஊரறியச் செய்துவிட்டாள். காற்றில் மிதக்கும் தூசியைப் பிடித்து அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் படித்து முடித்த நாள் முதல் அவள் பிழைப்பு. புகையா, உப்பா, மகரந்தமா, உலோகமா, எதைக் கேட்டாலும் சொல்வாள். அவள் வீட்டு மின்விசிறியில் படிந்திருப்பதைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது.

இத்தனை வருடமும் தூசியைப் பிடிப்பது இங்கே, அளப்பது வெளியே. தூசி பிடித்த ஃபில்டரை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை தேவுடு காக்க வேண்டும். இனி அந்தத் தொல்லை இல்லை. அரை அறையை அடைத்துக்கொண்டு நின்ற மெஷினின் பிளாஸ்டிக் உறையை வேறு யாரையும் பிரிக்க விடாமல் தானே பிரித்தாள்.

புது மெஷினுக்கு முதலில் ஒரு பரீட்சை வைக்க வேண்டும். எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் அதற்குக் கண் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லாத ஃபில்டர்கள் தேவை. அந்த ஆய்வகத்தில் அப்படிப்பட்ட ஃபில்டருக்குப் பெயர் சும்மா.

தூசி பிடிக்கப் போகும்போது இரண்டு ஃபில்டர் கொண்டுபோவார்கள். ஒன்றைக் கருவியில் மாட்டி, பம்ப்பை ஓட விட்டு, நாள் முழுக்கக் காற்றை இழுப்பார்கள். இன்னொன்றையும் அதேபோல இடுக்கியால் எடுத்து மாட்டுவார்கள்; பம்ப்பைத் தொடாமல் கழற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். கைப்பட்ட அழுக்கு, டப்பா அழுக்கு, வழி அழுக்கு எல்லாம் அதில் ஏறியிருக்கும். அதை அளந்து, உண்மையான ஃபில்டரின் அளவிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் காற்றின் அழுக்கு. வேலை செய்யாமல் சும்மா போய்ச் சும்மா வருவதால் அது சும்மா. "சும்மா எங்க?" "சும்மா ஃப்ரீஸர்ல இருக்கு" என்று பேசிக்கொள்வதைக் கேட்டுப் புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று முழிப்பார்கள்.

ஃப்ரீஸரில் பழைய சும்மாக்களின் மறுபாதிகள் அடுக்கடுக்காக இருந்தன. கைக்கு வந்தது பேட்டரி ஆலை வேலையின் டப்பா. பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலை அது. பக்கத்துத் தெருவில் இருக்கிற பள்ளிக்கூட மாடியில் கருவி வைத்துத் தூசி பிடித்தார்கள். காற்றில் ஈயம் சொல்லும்படி இல்லை என்று தூசியம்மா அறிக்கை கொடுத்து வருடங்கள் ஆகிவிட்டன. அந்த அறிக்கையை வைத்துத்தான் ஆலை இப்போது இரண்டாவது உலைக்கு அனுமதி கேட்கிறது. பொதுவிசாரணை அந்த வாரக் கடைசியில்.

மெஷின் சும்மாவில் ஈயம் இருக்கிறது என்றது. அதுவும் அள்ளி அள்ளி.

"வந்ததும் வராததுமா உன் வேலையைக் காட்டறியா?" என்று மெஷினை ஏசினாள். குழாய்களைக் கழுவினாள். வேறொரு வேலையின் சும்மாவைக் கொடுத்தாள், ஒன்றுமில்லை என்றது. மறுபடி ஆலையின் சும்மா. மறுபடி ஈயம். மெஷின் சமர்த்தாகத்தான் இருந்தது.

அடுத்த சும்மாவின் அரைவட்டத்தை இடுக்கியால் எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். நடுவில் லேசான சாம்பல் நிறம். விளிம்போரம் மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளைக் கரை. கருவியின் ரப்பர் வளையம் அழுத்துகிற இடத்தில் காற்று நுழையாது. அதனால் அந்த ஓரத்தில் தூசி ஒட்டாது. கையழுக்கு திட்டுத் திட்டாக ஒட்டும், இப்படிக் கரை கட்டாது. பம்ப் ஓடினால்தான் அந்தக் கரை விழும். டப்பாவில் இருந்த அத்தனை சும்மாக்களிலும் கரை இருந்தது. ஒன்றுகூடச் சும்மா போய்வரவில்லை. ஆலைக் காற்றை இழுத்த ஃபில்டரிலிருந்து ஆலைக் காற்றை இழுத்த ஃபில்டரைக் கழித்தால் என்ன மிஞ்சும்? சுத்தமான காற்று மிஞ்சும்.

அந்த மாடிக்குப் போய்வந்தது ஒரே ஆள்தான். அவளுக்கு முழங்கால் தகராறு செய்யத் தொடங்கியபோது, "நீங்க படி ஏற வேணாம்க்கா, நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன மாப்பிள்ளை. ஒரு காலத்தில் அவளிடம் ஆராய்ச்சி செய்ய வந்து, "டேய் தம்பி, டப்பாவ மூடுடா" என்று திட்டு வாங்கியவன். பையன் தங்கமாக இருக்கிறானே என்று தன் தங்கைக்கே கட்டிவைத்தாள். அன்றோடு "டா" போய் "வாங்க மாப்பிள்ளை" வந்தது. இப்போது அடுத்த அறையில் துறைத்தலைவர் நாற்காலியில் இருக்கிறான்.

வெளி ஆய்வகத்தின் முடிவுகள் அவனுக்குத்தான் வந்தன. கழித்தது அவன். கழித்து மிஞ்சியதை மட்டும் அவளிடம் காட்டினான். முதலில் சும்மாவைப் பார், பிறகு மற்றதைப் பார் என்று எத்தனையோ பேருக்குத் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தவள், இதில் மட்டும் சும்மாவைக் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் போய் எப்படிக் கேட்பது?

அரைவட்டத்தைச் சின்ன டப்பாவோடு கொண்டுபோய் அவன் மேஜையில் வைத்தாள். அவனும் அவளிடம் படித்தவன்தானே. பார்த்தவுடன் முகம் செத்துவிட்டது.

"இதை ஏன்டா தூக்கிப் போடல?" என்று கேட்டாள். எதையெதையோ கேட்க வந்தவளுக்கு வாயில் வந்தது அதுதான்.

"லேப்ல எதையும் தூக்கிப் போடக் கூடாதுன்னு நீங்கதானேக்கா சொல்லிக் குடுத்தீங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது.

"ஒரு எண்ணைக்கூட மாத்தலக்கா," என்றான், அதுவே பெரிய யோக்கியதை மாதிரி. "நம்ம பிரிவையே மூடறதா இருந்தாங்க. ஆலைக்காரங்க கை குடுத்தாங்க. இந்த மெஷின் எங்கேருந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க? யாருக்காக வந்துச்சு? உங்களுக்காகத்தான். எத்தனை வருஷம் இதுக்காக ஏங்கினீங்க!"

"எனக்காகவா? அப்ப என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஒத்துக்க மாட்டீங்களே."

"அது தெரிஞ்சுதானே கேக்கல? அறிக்கையில என் பேரை எதுக்கு முதல்ல போட்ட?"

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நீங்க சொன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க. உங்க பேர் அவ்வளவு சுத்தம்க்கா."

சுத்தம் என்று அவன் சொன்ன விதத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த அறிக்கையில் அவள்தான் சும்மா. எந்த அழுக்கையும் அவள் பேரால் கழித்துவிடலாம்.

டப்பாவை எடுத்துக்கொண்டு அங்கிருந்து நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். சின்ன வயதில் அடுத்த வீட்டுக் கண்ணாடியைத் தங்கை உடைத்தபோது அடி வாங்கியது அக்கா. உடன்பிறந்தவள் தோளில் சாய்ந்து அழ ஒரு பத்து நிமிடம் கிடைத்தால் போதும் என்றுதான் போனாள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்கா சொல்லச் சொல்லத் தலைநிமிராமல் சட்டைக் கையை நீவி நீவி மடித்தாள். அதிர்ச்சி இல்லை, அடடா என்று ஒரு சத்தம்கூட இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"அப்பவே சொன்னாரு."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொல்லி? நீ ஆடித் தீர்த்திருப்ப. அவர் வேலை போயிருக்கும். நான் எங்க போய் நிக்கறது?" தங்கை இப்போதுதான் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது, அதுவும் புருஷனுக்காகக் கலங்கியதுதான். "உன்னை யாரும் பொய் சொல்லச் சொல்லலக்கா. உன் தங்கச்சிக்காக நீ சும்மா இருந்தா போதும்."

தூசியம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசல்வரை தங்கை வரவில்லை.

அவள் மனதில் அப்போது வந்து நின்றது ஆலைத் தெருத் தையல்காரி. அறிக்கை வந்த புதிதில், ஜன்னல் விளிம்பைத் துடைத்த கறுத்த துணியை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்த பெண். மகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி, படித்தது எதுவும் தலையில் நிற்பதில்லை என்றாள். தூசியம்மா அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அன்பாகத்தான் பேசினாள். "பயப்படாதீங்க, காத்துல ஒண்ணும் இல்ல. நானே பாத்துட்டேன்" என்றாள்.

விசாரணை மண்டபத்தில் முன்வரிசையில் ஆலைக்காரர்களோடு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தான். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஏதோ சொல்ல, அதிகாரி ஒவ்வொருவருக்கும் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். கடைசியில் தூசியம்மா எழுந்து நின்றதும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்கம்மா. உங்க அறிக்கையிலயே எல்லாம் தெளிவா இருக்கே. ஏதாவது பேசணுமா, இல்ல சும்மா வந்தீங்களா?"

"சும்மா வரல," என்றாள். கைப்பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்தாள்.

சும்மா என்றால் என்ன, அது எப்படி இருக்க வேண்டும், அந்த வெள்ளைக் கரை எப்படி விழுகிறது என்று வகுப்பு எடுப்பதுபோல நிதானமாகச் சொன்னாள். குரல் ஒரே ஒரு இடத்தில் தடுமாறியது. இதைச் செய்தது என் மாணவன், என் தங்கை கணவன் என்று சொன்ன இடத்தில். சும்மாவைக் கேட்டுப் பார்க்காமல் அறிக்கைக்குப் பேர் கொடுத்தது நான் என்றும் சேர்த்துச் சொன்னாள். மாப்பிள்ளை அவளைப் பார்க்கவே இல்லை. அவன் எழுந்து வெளியே போனபோது, இனி அந்த வீட்டு வாசலைத் தான் மிதிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. அதிகாரி விசாரணையைத் தள்ளிவைத்தார்.

மண்டபம் அமளிப்பட்டது. தெருக்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். "சொந்தம்னுகூடப் பாக்கல" என்று யாரோ மெச்சினார்கள். கூட்டத்துக்குப் பின்னால் தையல்காரி மட்டும் நகராமல் நின்றிருந்தாள். பக்கத்தில் வெளிறிப்போன அவள் மகள். தூசியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தையல்காரியிடம் போனாள்.

"என்னை ஏமாத்திட்டாங்கம்மா," என்றாள்.

தையல்காரி தலையாட்டினாள். கோபப்படவில்லை, கும்பிடவும் இல்லை.

"அன்னைக்கு நான் வந்தப்ப இன்னொண்ணும் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? வீட்டை அடைச்சு வைக்காதீங்க, காத்து வரட்டும்னு." மகளின் தலையில் கை வைத்தாள். "இவ அந்த ஜன்னலுக்குக் கீழதான் படுப்பா. நீங்க சொன்னீங்கன்னு, அன்னையிலிருந்து நான் அதை மூடவே இல்லம்மா."