கிள்ளக் கூடாத கட்டி

"ஊசியைக் கீழ வை."

அறுவை செய்துகொண்டிருந்த டாக்டரம்மாவின் குரலில் உதவி டாக்டரின் கை அந்தரத்தில் நின்றது. மேஜையில் மயக்கத்தில் கிடந்த பெண்ணுக்குப் புருவ ஓரமாகத் தோல் திறந்திருந்தது. கண்குழியின் மேல் மூலையில், கண்ணீர்ச் சுரப்பி இருக்க வேண்டிய இடத்தில், ஒரு கட்டி. கண்ணைக் கீழே தள்ளிவிட்டுச் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

சுவரிலிருந்த ஸ்பீக்கரில் தலைமை டாக்டர் ஓயவில்லை. இந்த மாதம்தான் மாற்றலாகி வந்தவர். வந்த வேகத்தில் எல்லோரையும் ஆட்டிவைத்துக்கொண்டிருந்தார். கட்டியில் ஊசி போட்டு ஒரு துணுக்கு கிள்ளி லேபுக்கு அனுப்ப வேண்டும், புற்றா இல்லையா என்று உடனே தெரிந்தாக வேண்டும் என்பது உத்தரவு.

புற்று என்று சந்தேகம் வந்தால் கிள்ளுவதுதான் முறை. ஆனால் இது புற்றில்லாத சாதுக் கட்டியாக இருந்தால், உறையில் ஒரு பொத்தல் போதும். சிந்தும் செல்கள் கண்குழியெங்கும் ஒட்டிக்கொள்ளும். வருஷங்கள் கழித்துப் புற்றாகவே முளைக்கலாம். அப்புறம் கண்ணையே தோண்டி எடுக்க வேண்டியதுதான்.

"வலியே இல்லாம மெதுவா வளர்ந்திருக்கு சார். ஸ்கேன்ல எலும்பு அரிக்கல, வழவழன்னு குழிஞ்சுதான் இருக்கு. இது சாது. முழுசாத்தான் எடுப்பேன்."

"உன் கணிப்பு தப்பாப் போச்சுன்னா?"

"என்னை வேலையை விட்டுத் தூக்குங்க. ஊசி மட்டும் போட மாட்டேன்."

ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னாள். நர்ஸ் வாயைப் பிளந்தாள், பிளந்தபடியே அணைத்தாள்.

கண்குழியின் பக்கவாட்டு எலும்பை ரம்பத்தால் அறுத்துக் கதவு மாதிரி திறந்தாள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் சும்மா இருக்காமல், தன் கிளினிக்கில் டீ போட ஆள் தேவைப்படுகிறது, நாளைக்கே வந்து சேரலாம் என்றார். அவள் முறைக்கக்கூட இல்லை. உறையில் கத்தி படாமல், சுற்றியிருந்த சதையோடு சேர்த்து நெம்பி நெம்பி, கட்டியைச் சேதமில்லாமல் கிண்ணத்தில் இறக்கி லேபுக்கு அனுப்பினாள்.

எலும்பைப் பொருத்தித் தைத்து முடிப்பதற்குள் லேபிலிருந்து போன் வந்தது. சாதுதான். உறையில் ஒரு கீறல்கூட இல்லை.

சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டுதான் அடுத்த அறைக்குப் போனாள். மயக்கம் தெளிந்துகொண்டிருந்த பெண்ணின் கால்மாட்டில் தலைமை டாக்டர் நின்றிருந்தார். சண்டை இருக்கட்டும், பார்வை பிழைத்ததா என்பதுதான் பாக்கி. கண்ணின் மேலிருந்த கட்டை விலக்கி, மறு கண்ணைக் கையால் பொத்தி, என்ன தெரிகிறது என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

வீங்கிய இமை மெல்லப் பிரிந்தது. பார்வை அவளைத் தாண்டிக் கால்மாட்டுக்குப் போனது.

"என்னங்க... நான் உங்க சம்சாரம்னு தெரிஞ்சா டாக்டரம்மாவுக்குக் கை நடுங்கும்னு நீங்கதானே மறைக்கச் சொன்னீங்க? இப்ப நீங்களே இப்படி நின்னு அழுதா எப்படி?"