சேற்றுக்கரையில் சொன்ன சொல்

மிங்சுவோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலைக் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். பெருக்கிய முற்றத்தையே மறுபடி பெருக்கினான். பிறகு கிணற்றடிக்குப் போய் இரும்புக் கம்பைத் தேய்க்க ஆரம்பித்தான். கடற்கரைச் சண்டை முடிந்து பாய்யான் மடத்துக்குத் திரும்பிய நாளிலிருந்து இதே வேலைதான். அதில் தேய்க்க இனி என்ன இருக்கிறது?

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சபை கூடும். கடற்கொள்ளையரை விரட்டிவிட்டு வந்த சாமிகளுக்கெல்லாம் மறுபடி தலை மழித்து அங்கி கொடுக்கப் போகிறார்கள். போருக்குப் போகும் பிக்கு துறவை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும். அது ஒன்றும் பெரிய சடங்கில்லை. "துறவை விடுகிறேன்" என்று இன்னொருவர் காதில் விழும்படி சொன்னால் போதும், அந்த நொடியிலிருந்து அவன் ஊர் மனிதன். கொன்றாலும் ஊர் மனிதன் செய்த கொலை. திரும்பி வந்து அங்கி கேட்கலாம். சொல்லாமல் கொன்றாலோ, சொன்னது யார் காதிலும் விழாவிட்டாலோ, பிக்குவாக இருந்து கொன்றதாகத்தான் கணக்கு. அவனுக்கு இந்தப் பிறவியில் அங்கி கிடையாது.

படகுத்துறையில் எல்லாரும் ஒருவர் காதில் ஒருவர் சொன்னார்கள். இந்த மகராசன் மட்டும் சொல்லவில்லை. "நான் என்ன ஈட்டியா தூக்கிட்டு வரேன்? கம்புதானே! முழங்கால் சில்லைப் பேத்துப் போட்டா தீந்துச்சு. கொல்லத் தெரிஞ்சவனுக்குக் கொல்லாம விடவும் தெரியும்," என்று வாய் கிழியப் பேசினான். மடத்திலேயே கம்பு வீசுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர், வேறென்ன?

அப்புறம்தான் அந்தச் சேற்றுக்கரை. கூடவே வந்த தாவ்பெய் வழுக்கி விழுந்தான். வலது கன்னம் காதோடு சேற்றில் புதைந்துவிட்டது. வாளை ஓங்கிக்கொண்டு ஒருவன் அவன் மேல் நின்றான். முழங்காலைத் தேட நேரம் ஏது? "துறவை விடுறேன்!" என்று கத்தியபடியே மிங்சுவோ கம்பை இறக்கினான். மண்டையில் விழுந்தது. அந்த அதிர்வு இன்னும் அவன் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை.

அந்தச் சொல் கேட்கிற தூரத்தில் இருந்தது தாவ்பெய் ஒருவன்தான்.

"கம்பைத் தேச்சே குச்சியாக்கிடுவே போலிருக்கே, அண்ணே!" என்றபடி தாவ்பெய் வந்து எதிரே குந்தினான்.

"நான் கத்தினது அடிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"மறுபடியுமா? முன்னாடிதான்! எனக்கென்ன காதா இல்லை?"

"சத்தியமா?"

"சபையிலேயே சொல்லத்தானே போறேன். முதல்ல எதையாவது வயித்துல போடு. பட்டினி கிடந்து மூஞ்சி ஊறுகாய் முள்ளங்கி மாதிரி ஆயிருச்சு. எனக்கு மாவுருண்டை வச்சிருக்காங்களான்னு பாத்துட்டு வரேன்." தின்பதென்றால் தாவ்பெய்க்குச் செத்தவன் எழுந்த மாதிரி ஒரு துள்ளல் வரும்.

சபையில் தாவ்பெய்யின் இடப்பக்கத்தில் மிங்சுவோ உட்கார்ந்தான். சீலங்களைக் காக்கும் முதியவர் ஜிங்யாவ் ஒவ்வொருவரையும் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். கடன் உண்டா, நோய் உண்டா, கண் தெரியுமா, காது கேட்குமா. ஒரு காது கேளாவிட்டாலும் துறவு கிடையாது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தாவ்பெய் உரக்கச் சொன்னான்.

பிறகு மிங்சுவோவின் விவகாரம் வந்தது. தாவ்பெய் எழுந்து கை கூப்பினான்.

"கேட்டேன், பெரிய சாமி. துறவை விடுறேன்னு தெளிவாக் கேட்டுச்சு. அதுக்கப்புறம்தான் கம்பு விழுந்துச்சு."

"சரி. அவனுக்கும் சவரக்கத்தி எடுத்து வைங்க," என்றார் முதியவர்.

அடேயப்பா! மிங்சுவோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போயிற்று. பக்கத்தில் மறுபடி உட்கார்ந்த தாவ்பெய்யிடம் மெல்லக் குனிந்து, "நாளைக்கு என் பங்கு மாவுருண்டையும் உனக்குத்தான்டா," என்றான்.

தாவ்பெய் அசையவில்லை. மிங்சுவோ கொஞ்சம் உரக்கச் சொன்னான். முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். தாவ்பெய் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மிங்சுவோ அவன் இடக்காதருகே விரலைச் சொடுக்கினான். ஒன்றுமே இல்லை.

சண்டைக்கு முன் படகுத்துறையில் ஒரு பீரங்கி வெடித்துச் சிதறியது நினைவுக்கு வந்தது. அதன் பக்கத்தில் நின்றவன் தாவ்பெய். இடக்காதில் கசிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். படகில் ஒன்று கேட்டால் ஒன்று சொன்னான். சேற்றுக்கு மேலே இருந்தது அந்தக் காதுதான்.

பாவிப்பயல், கேட்கவே இல்லை. எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அங்கி வந்துவிடும். யாருக்குத் தெரியும்? ஆனால் செத்துக் கிடந்தவனின் திறந்த கண்ணை, ஒரு நல்லவனின் பொய்யைப் போட்டு மூடிக்கொண்டு காலம் முழுக்க எப்படி உட்கார்ந்திருப்பது? அதற்காகக் காதைக் காட்டிக் கொடுத்தால் தாவ்பெய்யின் அங்கியும் போய்விடும். மிங்சுவோ தொடையைப் பிசைந்தான், உதட்டைக் கடித்தான். பக்கத்தில் தாவ்பெய்யின் தலையில் கத்தி ஓட ஆரம்பித்திருந்தது. அடுத்தது மிங்சுவோவின் முறை.

அவன் எழுந்துவிட்டான். "பெரிய சாமி, நான் அதைச் சொல்லவே இல்லை."

"என்னடா உளர்றே?"

"பயத்துல வெறுமனே கத்தினேன். இவன் நல்லவன், அதைத் துறவை விடுறதா நினைச்சுக்கிட்டான். இவன் மேல தப்பில்லை. பிக்குவாத்தான் கொன்னேன்."

அது பொய். அவன் வாழ்நாளில் அவ்வளவு நிதானமாக எதையும் சொன்னதில்லை.

"இல்லை! சொன்னான்! என் காதால..." என்று தாவ்பெய் எழப் பார்த்தான்.

"உட்காரு!" என்றார் ஜிங்யாவ். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "கம்பை இங்கேயே வச்சுட்டுப் போ," என்று மிங்சுவோவிடம் சொன்னார்.

மடத்து வாசலைத் தாண்டியதும் பின்னால் ஓடிவரும் சத்தம். பாதி மழித்த தலையோடு தாவ்பெய் நின்றான்.

"ஏன் அண்ணே இப்படிப் பண்ணே? நான்தான் கேட்டேன்னு சொன்னேனே!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மலையிலிருந்து இறங்கும் பாதையையே பார்த்தபடி நின்றான். மிங்சுவோ அவனுடைய இடக்காதுப் பக்கம் போய் நின்றான்.

"அந்த ஆளைக் கொன்னதுக்குச் சாகிற வரைக்கும் அழுவேன்," என்றான் மெதுவாக. "உன்னைக் காப்பாத்தினதுக்கு ஒரு நாளும் அழமாட்டேன்."

தாவ்பெய் திரும்பவில்லை. மிங்சுவோவின் உதடு அசைந்து நின்றதை ஓரக்கண்ணால் பார்த்திருந்தான்.

"கேட்டுச்சு, அண்ணே," என்றான்.