மாடம்பாக்கத்து மாறுவேடம்

எழுபத்தொன்றாம் வருஷம் தாம்பரம் மாதர் சங்கத்துக்குத் திடீரென்று தேசபக்தி வந்துவிட்டது. ஆண்டு விழாவில் மாறுவேடப் போட்டி, ஆளுக்கு ஒரு மாநிலம் என்று தலைவி ஞானசௌந்தரி அம்மாள் அறிவித்தார். புரொபசர் மனைவி. கோடைக்குக் கொடைக்கானல் போவாரே தவிர ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் காலை வைத்தவர் இல்லை. ஆனாலும் மைக்கைப் பிடித்துவிட்டால், "கிராமம்தான் நம்ம தேசத்தோட உயிர்" என்று கண் கலங்குவார்.

எல்லாருக்கும் காஷ்மீர்தான் வேண்டுமாம். அதனால் ஜெபம் பண்ணிவிட்டுச் சீட்டு எடுத்தார்கள். அப்படி எடுத்தால் அது கர்த்தரின் சித்தம், அப்பீல் கிடையாது. காஷ்மீர் புஷ்பத்துக்கு வந்தது. அவள் முந்தின வாரமே சரிகை வைத்து அங்கி தைத்துவிட்டாள் என்பது கர்த்தருக்கும் தெரிந்திருக்கும் போல. யாரும் வேண்டாத கடைசிச் சீட்டு, 'தமிழ்நாட்டுக் கிராமத்துப் பெண்', தையல் டீச்சர் தபீதாள் கையில் வந்து உட்கார்ந்தது.

தபீதாள் அதை நாலாக மடித்துக் கைக்குள் ஒளித்துக்கொண்டாள். சங்கத்தில் எல்லாரிடமும் தனக்குச் சொந்த ஊர் பட்டணத்து வேப்பேரி என்று சொல்லி வைத்திருந்தாள். நிஜத்தில் மாடம்பாக்கம். கூப்பிடு தூரத்து மாடம்பாக்கத்தை மறைக்க எட்டாத வேப்பேரியை இழுத்துப் போர்த்திக்கொண்ட கெட்டிக்காரி! அக்கா பேபி இன்னும் அங்கேதான் நாற்று நடுகிறாள். மாசா மாசம் தலையில் அரிசி மூட்டையோடு வருவாள், கொல்லைப்புறமாக. ஒருநாள் ஞானசௌந்தரி வந்திருந்த நேரம் பேபியும் வந்துவிட்டாள். "யாரு டீச்சர்?" என்று கேட்டதற்கு, "அரிசிக்காரி" என்று வாயில் வந்துவிட்டது. அடுக்களையில் இருந்த அக்காவுக்குக் காதில் விழவில்லை என்றுதான் அன்று முதல் தபீதாள் தன்னைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள்.

விதி சும்மா இருக்குமா? அடுத்த சனிக்கிழமை அரிசியோடு வந்த பேபியை ஞானசௌந்தரியே தெருவில் மடக்கி, ஒத்திகை நடந்த சர்ச் ஹாலுக்கு அழைத்து வந்துவிட்டார்.

"ஏம்மா அரிசிக்காரி, எங்க டீச்சருக்கு முறத்துல புடைக்கக் கத்துக் குடு. உங்க வாழ்க்கை எவ்வளவு அழகு தெரியுமா!"

பேபி தங்கையைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அழகாத்தான் கீதும்மா. ஒரு நாளு வந்து சேத்துல எறங்கிப் பாரேன், இன்னும் அழகா இருக்கும்." முறத்தை எடுத்துத் தபீதாளிடம் நீட்டினாள். "குந்து டீச்சரம்மா. மெசினு தைக்கற கையி. உனுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது?"

தபீதாளுக்கு ஐந்து வயதில் முறம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே பேபிதான். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த 'டீச்சரம்மா'வைத் தாங்க முடியவில்லை. போகும்போது வாசலில் பேபி, "அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆளு கையில அரிசி குடுத்து வுடறேன் டீச்சரம்மா" என்றாள். அக்கா இனிமேல் வரமாட்டாள். அதை நினைத்து நினைத்துத் தபீதாள் நாலு ரவிக்கைகளைக் கோணலாகத் தைத்தாள்.

விழா வந்தது. தாம்பரத்து வெயிலில் கம்பளிச் சால்வை போர்த்திய காஷ்மீரின் பவுடர் கழுத்து வரை வழிந்தது. விளக்குமாற்றுக் குச்சியை ஈட்டியாகப் பிடித்து ஒரு நாகாலாந்து வந்து போனது. பிறகு தபீதாள் முறத்தோடு வந்தாள். தெரியாதவள் மாதிரி நடிக்கத்தான் நினைத்தாள், கை கேட்டால்தானே! அரிசி எழும்பி எழும்பி விழுந்தது, உமி பறந்து முன்வரிசையில் இறங்கியது. விருந்தினராக வந்திருந்த டாக்டரம்மா தும்மிக்கொண்டே முதல் பரிசு கொடுத்தார்.

"டீச்சருக்குக் கத்துக் குடுத்த அரிசிக்காரியும் மேடைக்கு வரணும்!" என்றார் ஞானசௌந்தரி. அவர் ஆள் அனுப்பி வரவழைத்திருந்த பேபி, கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றவள், தயங்கித் தயங்கி மேலே வந்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் காகிதத் தோரணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தபீதாள் முறத்தைக் கீழே வைத்தாள். மைக்கைப் பிடித்தாள். "இவங்க அரிசிக்காரி இல்ல. என் கூடப் பொறந்த அக்கா."

ஹால் கைதட்டலில் அதிர்ந்தது. ஞானசௌந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டீங்களா! 'எல்லாரும் உடன்பிறந்தவங்க'ன்னு ஸ்கூல் பிள்ளைங்க தினமும் உறுதிமொழியில சொல்றதை டீச்சர் வாழ்ந்தே காட்டிட்டாங்க! இதுதாங்க பாரதம்!"

பேபி காதோரம் முணுமுணுத்தாள். "நல்ல வேளை, ஒருத்தரும் நம்பல. பொழைச்சே போ."

தபீதாளுக்குச் சுருக்கென்றது. மைக்கை மறுபடி பிடுங்கினாள். "உறுதிமொழி இல்லீங்க! எங்க ஊரு மாடம்பாக்கம். எங்கப்பா ஏசுபாதம், ஏர் ஓட்டினவரு. நானும் நாத்து நட்டவதான். வேப்பேரியில எனக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது!"

தேசத்தின் உயிர் இத்தனை பக்கத்தில் வந்து நிற்கும் என்று ஞானசௌந்தரி எதிர்பார்க்கவில்லை. ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார். டாக்டரம்மாவிடம் குசுகுசுத்துவிட்டுத் திரும்பினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ரூல்னு ஒண்ணு இருக்கு. மாறுவேடம்னா ஆள் மாறணும். நீங்க மாறவே இல்லையே. அதனால முதல் பரிசு காஷ்மீருக்கு."

கைதட்டல் இன்னும் பலமாக இருந்தது. தபீதாள் கோப்பையைப் புஷ்பத்தின் ஈரக் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

"இன்னாடி, கெலிச்சதைக் குடுத்துட்டு வரே!" என்று பின்னாலேயே ஓடி வந்தாள் பேபி. அந்த 'டி'யைக் கேட்டதும் தபீதாளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. பேபி தன் முந்தானையால் அவள் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"அழாதடி. வா, வூட்டுக்குப் போலாம். பட்டிக்காட்டு வேசம் கட்டித் தோத்துப்போனவ நம்ம ஊர்லயே நீ ஒருத்திதான். எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிக்க வேணாம்?"