ரிப்பேருக்கு வந்த வண்டி

என் வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். எங்கள் வீட்டு சைக்கிளைப் பார்த்தவர்கள் யாரும் அதை நம்பமாட்டார்கள்.

ஃபிரேம், கோணல் என்று யாரோ ஒரு வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்தது. இடது பெடல் பிளாஸ்டிக், வலது பெடல் இரும்பு. முன் பிரேக் பார்வைக்கு மட்டும். கேட்டால், "ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" என்பார். ஓடத்தான் ஓடியது. பாதி தூரம் அது என்னைச் சுமக்கும், மீதி தூரம் நான் அதைத் தள்ளுவேன்.

அன்று மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டு போனேன். வண்டியை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே நுழைந்தால், கூரியர் கம்பெனி மேடம் உட்கார்ந்திருந்தார். அவர்கள் ஆட்களுக்கு நாற்பது சைக்கிள் வேண்டும். ஒரு மாதமாக எங்கள் வீட்டில் பேச்சே அதுதான். அந்த ஆர்டர் கிடைத்தால் கடை நிமிரும். கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு இவர் தன் அண்ணன் கடையில் வேலைக்கு நிற்க வேண்டும். அந்த அண்ணனோ, நாலு பேர் நடுவிலும் "டேய், அந்த நாற்காலியைத் துடை" என்று இவரை விரட்டுகிற ஆசாமி.

மேடத்தின் முன்னால் இரண்டு மாதிரி வண்டிகள் நின்றன. ஒன்று மலிவு. இன்னொன்று அதைப்போல ஒன்றரை மடங்கு விலை.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றார் மேடம். "அடுத்த தெருக் கடையில மலிவு ஃபிரேமே போதும்னு சொல்றாங்க."

"வெல்டிங்கைப் பாருங்க மேடம். இதுல ஒரே சீரா இருக்கா? அதுல கட்டி கட்டியா நிக்குது. சும்மா ஓட்டறதுக்குத் தாங்கும். பின்னால மூட்டையை ஏத்தி ஆறு மாசம் ஓட்டினா அங்கதான் விரிசல் விடும். எல்லாத்தையும் உசத்தியா வாங்குங்கன்னு நான் சொல்லல. பெல்லு, மட்கார்டு, சீட் கவர் எல்லாம் மலிவுல போடுங்க. ஃபிரேம், பிரேக், சக்கரம், இதுல மட்டும் கை வெக்காதீங்க. ஆள் விழுந்துடுவான்."

எனக்கே கைதட்டலாம் போலிருந்தது. மேடம் அசையவில்லை.

"அதெல்லாம் சரி. உங்க வீட்ல எதை ஓட்டறாங்க?"

இவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. "இதே வண்டிதான் மேடம். இந்தா நிக்கிறாளே, என் சம்சாரம். இவளுக்கு இதைத்தான் பூட்டிக் கொடுத்திருக்கேன்."

"அப்படியாம்மா?"

அண்ணன் முகம் கண்முன்னே வந்து நின்றது. "ஆமாங்க மேடம், இதேதான்" என்றேன்.

அதோடு முடிந்திருக்கலாம். மேடத்தின் பார்வை வாசலுக்குப் போனது.

"அது யாரோடது?"

"அதுவா? ரிப்பேருக்கு வந்தது" என்றார் இவர்.

மேடம் எழுந்து போய் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். சக்கரம் அதைக் கண்டுகொள்ளாமல் உருண்டது. "அடக் கடவுளே, இதுல யாரு போறது?"

"யாரோ ஒரு அம்மா, மேடம்" என்றேன். "அவங்க புருஷன் பூட்டிக் கொடுத்ததாம்."

மேடம் இவர் பக்கம் திரும்பினார். "பிரேக் கட்டை என்ன போட்டிருக்கு?"

"இருக்கறதுலயே மட்டமானது" என்றார் இவர், தரையைப் பார்த்தபடி.

"ஃபிரேம்?"

"யாரோ வேணாம்னு திருப்பிக் கொடுத்தது."

"பெடல்?"

"கையில கிடைச்சது."

"ஏங்க," என்று நான் அக்கறையாகக் கேட்டேன், "அந்த ஆள் எப்பேர்ப்பட்ட கஞ்சனா இருக்கணும்?"

இவர் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். "மகா கஞ்சன்."

சிரிப்பை அடக்க முந்தானையைக் கடிக்க வேண்டியிருந்தது. கூடவே சுருக்கென்றும் இருந்தது. முகம் தெரியாத நாற்பது பேர் விழக்கூடாது என்று இத்தனை பேசுகிற மனுஷன், எனக்கு மட்டும் மிச்சம் மீதியைப் பூட்டியிருக்கிறார். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். இவருக்குத்தான் ஒவ்வொன்றும் தெரிந்திருக்கிறதே.

மேடம் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கு மேல விளக்கம் வேணாம். நாப்பதுக்கும் நல்ல ஃபிரேமே போடுங்க." கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

இவர் துள்ளிக் குதிக்காத குறை. "தப்பிச்சோம்! நல்ல நேரத்துல கை கொடுத்த!" என்றபடி சாப்பாட்டுக் கேரியரைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். நான் அந்த விலை உயர்ந்த மாதிரி வண்டியின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டு வாசலுக்குத் தள்ளினேன்.

"ஏய், எங்க கொண்டு போற? அது சாம்பிள்!"

"வீட்டுக்கு. ரெண்டு பேருமா சேர்ந்து அந்த மேடம்கிட்ட பொய் சொல்லியிருக்கோம். எனக்கு மனசு உறுத்துது. அதான் உண்மையாக்கிட்டுப் போறேன்."

இவர் வாயில் வைத்ததை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் பார்த்தார். "அப்ப நான் எதுல வர்றது?"

"ரிப்பேருக்கு வந்தது ஒண்ணு நிக்குதே. எடுத்துட்டு வாங்க, சொந்தக்காரர் ஒண்ணும் சொல்லமாட்டார்."